வேலையிடத்தில் பரிசுத்தம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பயணச் செலவுக் கணக்கில் சில வருடங்கள் கூட்டி எழுதிப் பணம் வாங்கினேன். இப்போது நிறுத்திவிட்டேன். கர்த்தரிடம் அறிக்கையிட்டு மன்னிப்பும் கேட்டேன். அதோடு முடிந்ததா?

பதில்: மன்னிப்பு கிறிஸ்துவின் இரத்தத்தினால் இலவசமாகக் கிடைப்பது; பணத்தைத் திருப்பிக் கொடுத்து அதைச் சம்பாதிக்க முடியாது. ஆனாலும் மன்னிப்புப் பெற்றவர் கையில் அடுத்தவர் பணம் தங்கக் கூடாது. எண்ணாகமம் 5:6-8 இதை வரிசையாகவே சொல்கிறது: பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, நஷ்டப்பட்டவரிடமே கொடுக்க வேண்டும். 10,000 எடுத்தவர் 12,000 கொடுப்பார். ஆயக்காரருக்குத் (வரி வசூலிப்பவருக்கு) தலைவனான சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22:1 விதித்த அளவு அது. கேட்பார் இல்லாமலே திருடனுக்குரிய அளவைத் தனக்கு விதித்துக்கொண்டான்! இந்த விகிதங்கள் இன்று நமக்குச் சட்டமல்ல. ஆனால் கணக்குப் பார்த்துக் குறைக்கும் மனதுக்கு மருந்து.

முதலில் பழைய பில்களையும் வங்கிக் கணக்கையும் எடுத்து, மாதவாரியாகத் தொகையை எழுதுங்கள். நினைவில்லாத மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே போடுங்கள். பிறகு மேலாளருக்கு ஒரு கடிதம்: என்ன செய்தேன், எவ்வளவு, எப்படித் திருப்பித் தருகிறேன். இந்த மூன்று போதும். “எல்லோரும் செய்கிறார்கள்”, “சம்பளம் போதவில்லை” என்று ஒரு வரி சேர்ந்தாலும் அறிக்கை வாதமாகிவிடும். உடன் வேலை செய்பவர் பெயரை இழுக்காதீர்கள். அவர் பாவத்தை அவர்தான் அறிக்கையிட வேண்டும்.

இதனால் வேலை போகலாம், சட்ட நடவடிக்கையும் வரலாம். அதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மனமில்லை. எனவே கடிதம் கொடுக்குமுன் வீட்டாரிடமும் போதகரிடமும், தேவையானால் ஒரு வழக்கறிஞரிடமும் பேசுங்கள். எப்படிச் சொல்வது என்று அவர்களிடம் கேளுங்கள். சொல்லாமலிருக்க வழி தேடாதீர்கள்.

பலர் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, பெயர் போடாமல் உறையில் பணத்தை வைத்துவிடுவது. கணக்கில் வராத அந்தப் பணத்துக்கு ஒன்றுமறியாத காசாளர் பதில் சொல்ல வேண்டிவரும். மற்றொன்று, தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது. பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவர் எவருமே இல்லாதபோதுதான் அது ஆசாரியனைச் சேரும் என்கிறது அதே எண்ணாகமப் பகுதி.

கேள்வி: மேலாளர் அறையில் இருக்கும்போதே, தொலைபேசியில் தன்னைக் கேட்பவர்களிடம் “இல்லை என்று சொல்லிவிடு” என்கிறார். கீழ்ப்படிவதா, உண்மை சொல்வதா?

பதில்: உண்மையைத்தான் சொல்ல வேண்டும் (மத்தேயு 5:37). ஆனால் முறைத்துக்கொண்டு மறுக்க வேண்டியதில்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேல், ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்த மனதில்லாதபோது, முதலில் அனுமதி கேட்டான். பிறகு பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி வேறு வழியையும் சொன்னான் (தானியேல் 1:8-13). நீங்களும் தொலைபேசி ஒலிக்காத நேரத்தில், தனியாக, “பொய் சொல்ல என்னால் முடியாது சார். ‘இப்போது அவரால் பேச முடியாது, செய்தியைச் சொல்லுங்கள், தெரிவிக்கிறேன்’ என்று சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். அவருக்குத் தேவை தொந்தரவில்லாத நேரம்; அது இதிலேயே கிடைத்துவிடும். செய்தியை மறக்காமல் சேர்த்துவிடுங்கள். அதில் தவறினால் உங்கள் உண்மையின்மேலும் நம்பிக்கை போய்விடும்.

கேள்வி: வேலை நேரத்தில் வேதம் வாசிப்பது தவறா?

பதில்: இடைவேளையில் தாராளமாக வாசியுங்கள். மற்ற நேரம் சம்பளத்துக்கு விற்ற நேரம். அதில் ஜெபக்குழுச் செய்திகளுக்குப் பதில் எழுதுவதும் முதலாளியின் நேரத்தை எடுப்பதுதான். மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யும்படி கொலோசெயர் 3:23 சொல்வது, அடிமைகள் அன்றாடம் செய்த வேலையைப் பற்றித்தான். மேசையில் கிடக்கும் கோப்பு வேலையை ஒழுங்காக முடிப்பதும் அந்த நேரத்துக்குரிய ஆராதனையே.