கூரையைப் பாருங்கள், பிறகு பணப்பையைத் திறவுங்கள்: ஹெவிவெயிட் பெட்டிகள் பற்றிய கேள்வி பதில்

மாடல் ரயில் அமைக்கும் நண்பர்கள் பழைய அமெரிக்கப் பயணிகள் பெட்டிகளைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 1910 வாக்கில் தொடங்கி 1930களின் ஆரம்பம் வரை கட்டப்பட்ட முழு எஃகுப் பெட்டிகளுக்குத்தான் ஹெவிவெயிட் என்று பெயர். ரிவெட் வரிசை தெரியும் பக்கங்கள், கான்கிரீட் தளம், பெரும்பாலும் போகிக்கு, அதாவது பெட்டியின் இரு முனைகளிலும் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்துக்கு, ஆறு சக்கரங்கள். நீளம் ஏறத்தாழ எண்பது அடி.

அண்ணா, கடையில் பச்சைப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாமே அழகு. எதிலிருந்து தொடங்குவது?

பெட்டியிலிருந்து தொடங்காதீர்கள் தம்பி. எந்த ரயில்வே, எந்த ஆண்டு, எந்த வண்டி என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். நியூயார்க் சென்ட்ரலின் ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட், 1926 என்று எழுதினால் பாதிக் கடை அப்போதே விலகிவிடும். அது முழுக்க முழுக்கப் புல்மன் வண்டி, அதாவது புல்மன் நிறுவனம் கட்டி இயக்கிய தூங்கும் பெட்டிகள் ஓடிய வண்டி; சாதாரண இருக்கைப் பெட்டி ஒன்றுகூட அதில் கிடையாது. பென்சில்வேனியா ரயில்வேயின் உள்ளூர் வண்டி என்று எழுதினால் கதை தலைகீழ். அங்கே உங்களுக்கு வேண்டியது பி70 இருக்கைப் பெட்டி. ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட அந்தப் பெட்டி எண்பது அடி நீளம் இருந்தும் போகிக்கு நான்கே சக்கரங்களில் ஓடியது. ஹெவிவெயிட் என்றாலே ஆறு சக்கரம் என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

12-1, 10-1-2 என்றெல்லாம் மாடலின் அட்டைப்பெட்டி மேல் போட்டிருக்கிறார்களே, என்ன கணக்கு?

உள்ளே என்ன இருக்கிறது என்பதன் கணக்கு. முதல் எண் செக்‌ஷன்கள். பகலில் எதிரெதிராக இரண்டு இருக்கைகள். இரவில் அவையே லோயர் பெர்த் ஆகும், மேலிருந்து அப்பர் பெர்த் இறங்கும், நடுவழிப் பக்கம் திரை தொங்கும். 12-1 என்றால் பன்னிரண்டு செக்‌ஷன், ஒரு டிராயிங் ரூம், அதாவது கதவுள்ள பெரிய தனி அறை. 10-1-2 என்றால் பத்து செக்‌ஷன், ஒரு டிராயிங் ரூம், இரண்டு கம்பார்ட்மென்ட், அதாவது சற்றுச் சிறிய தனி அறைகள்.

இது வெளியே ஜன்னலில் தெரிந்துவிடும் என்பதால்தான் நமக்கு முக்கியம். 12-1 பெட்டியைக் கையில் எடுத்து விரலால் எண்ணுங்கள்: ஒவ்வொரு பக்கமும் ஆறு ஜோடி ஜன்னல் வர வேண்டும், ஒரு செக்‌ஷனுக்கு ஒரு ஜோடி. டிராயிங் ரூம் இருக்கும் முனையில் மட்டும் இரு பக்கமும் ஒன்றுபோல் இராது. ஒரு பக்கம் அறையின் ஜன்னல், மறுபக்கம் அதை ஒட்டிப் போகும் நடைவழியின் ஜன்னல். இரு பக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் அந்த மாடல் 12-1 அல்ல.

பெயரும் இதோடு சேர்ந்தது. புல்மன் நிறுவனம் உள்ளமைப்புக்கு ஏற்பப் பெயர்களைத் தொடராக வைத்தது. லேக் என்று தொடங்குபவை 10-1-2; கிளோவர் என்றால் எட்டு செக்‌ஷன், ஐந்து டபுள் பெட்ரூம்; பாப்லர் என்றால் ஆறு செக்‌ஷன், ஆறு டபுள் பெட்ரூம். 12-1 உடம்பில் ‘லேக் பேர்ல்’ என்று டிகால் (எழுத்து ஒட்டி) ஒட்டினால், தெரிந்தவர் கண்ணில் அது முதலில் உறுத்தும்.

கூரையைப் பார்த்து ஆண்டைச் சொல்லலாம் என்கிறீர்கள். எப்படி ஐயா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இந்தப் பெட்டிகளின் கூரை நடுவில் ஒரு படி உயர்ந்து, இருபுறமும் சின்னஞ்சிறு ஜன்னல்களோடு நீளமாக ஓடும். அதற்கு கிளியர்ஸ்டோரி என்று பெயர். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வைத்தது. 1931இல் பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில்வே தன் கொலம்பியன் வண்டியை முழுவதுமாகக் குளிரூட்டி ஓட்டியது. மற்ற ரயில்வேக்களும் புல்மனும் பின்தொடர, 1930களின் நடுவில் ஆயிரக்கணக்கான பழைய பெட்டிகளுக்கு ஏசி ஏறியது. குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் குழாயை எங்கே வைப்பது? பல பெட்டிகளில் அந்தக் கூரைப் படியின் மேலேயே தகடு அடித்து மூடினார்கள். சிலவற்றில் ஒரு பக்கம், சிலவற்றில் இரு பக்கமும், சிலவற்றில் பாதி நீளம். படி மறைந்து கூரை வழுவழுப்பான வளைவாகிவிடும். அடியிலும் பனிக்கட்டிப் பெட்டியோ குளிரூட்டும் இயந்திரமோ தொங்கும்.

ஆக, 1926 வண்டியில் குழாய் மூடிய கூரை வரக்கூடாது. 1948இன் முதல்தர விரைவு வண்டியில் திறந்த கிளியர்ஸ்டோரியும் அநேகமாக வரக்கூடாது. என்னுடைய 1926 வண்டியில் ஏசி கூரையோடு ஒரு பெட்டி பல ஆண்டுகள் ஓடியது. மாடத்து விளக்கொளி சாய்வாக விழுந்த ஒரு மாலையில்தான் கவனித்தேன்: முன்னும் பின்னும் உள்ள பெட்டிகளின் கூரையில் நிழல்கோடு ஒன்று நீளமாக ஓடியது, இதன் மேல் மட்டும் அது அறுந்திருந்தது. அன்றிரவே பிளேடால் குழாயைச் சீவி எடுத்துவிட்டுப் படியைத் திரும்பக் கட்டினேன்.

சதர்ன் பசிபிக் படங்களில் கிளியர்ஸ்டோரியே இல்லாத எஃகுப் பெட்டிகளைப் பார்க்கிறேன். படம் தவறா?

படம் சரி. அவை ஹாரிமன் பெட்டிகள். யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் இரண்டையும் கையில் வைத்திருந்த ஹாரிமனின் பொதுத்தர வடிவமைப்பில் கூரை ஒரே வில் வளைவு. அறுபதடி இருக்கைப் பெட்டிகள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே நெடுங்காலம் உழைத்தன. சிறிய இடத்தில் மாடல் அமைப்பவருக்கு இவை வரப்பிரசாதம். எண்பதடிப் பெட்டியைச் சுருக்கிய பொம்மையை வாங்குவதைவிட, உண்மையிலேயே அறுபதடியாக இருந்ததை வாங்குவது எவ்வளவோ மேல்.

என் வளைவுகள் 18 அங்குல ஆரம். ஓடுமா?

எச்ஓ அளவில், அதாவது 1:87இல், எண்பதடிப் பெட்டி 11 அங்குலம் வரும். 24 அங்குல ஆரத்துக்குக் கீழே போகாதீர்கள். எடையையும் பாருங்கள்: அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி இந்த நீளத்துக்கு ஆறரை அவுன்ஸ், கிட்டத்தட்ட 184 கிராம் வேண்டும். குறைந்தால் வளைவில் தடம் புரளலாம்.

பெட்டியின் பக்கத்தில் ஜன்னலுக்கு மேலுள்ள பட்டையில் எந்தப் பெயர் வர வேண்டும், புல்மனா, ரயில்வேயா?

ஆண்டைப் பொறுத்தது. பெட்டி புல்மனுடையது, இழுப்பது மட்டுமே ரயில்வே; ஆகவே 1920களில் பட்டையின் நடுவில் பொதுவாக ‘புல்மன்’தான். அமெரிக்க அரசு 1940இல் புல்மன் மீது ஏகபோகத் தடை வழக்குத் தொடுத்து, 1944இல் தீர்ப்பு வந்து, 1947இல் பெட்டிகளை இயக்கும் நிறுவனத்தையே ரயில்வேக்கள் சேர்ந்து வாங்கின. அதன் பிறகு நடுவில் ரயில்வே பெயர் வந்தது, புல்மன் சிறிய எழுத்தில் முனைக்கு ஒதுங்கியது.

அண்ணா, இப்போதைக்கு ஒரே ஒரு பெட்டிக்குத்தான் காசு இருக்கிறது.

12-1 வாங்குங்கள். புல்மன் அதிகமாகக் கட்டியது அதைத்தான். வால்தர்ஸ், பிராஞ்ச்லைன், ரிவரோசி என்று பல மாடல் தயாரிப்பாளர்களும் அதை வெளியிட்டிருப்பதால் பழைய விற்பனையிலும் கிடைக்கும். குளிர்காலத்தில் கூட்டம் ஃபுளோரிடா பக்கம் திரும்பினால் புல்மன் தன் பெட்டிகளையும் அங்கே திருப்பிவிடும். எனவே சாதாரணப் புல்மன் பச்சையில், பட்டையில் புல்மன் என்று எழுதிய 12-1 ஏறக்குறைய எந்த ரயில்வேயின் இரவு வண்டியிலும் பொருந்தும். நீங்கள் 1926 என்று சொல்லியிருந்தால் திறந்த கிளியர்ஸ்டோரி உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.