1974 கிளாப்டன் கேசட்: சுருதி ஏறிக் கேட்பதற்கு

ஆங்கிலேய ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் கலிபோர்னியாவின் லாங் பீச் அரீனாவில் நடத்திய கச்சேரியின் கேசட் பிரதி அரைச்சுரம் ஏறிக் கேட்கிறது, பிட்சை (சுருதியை) இறக்கினால் குரல் கரகரக்கிறது என்கிறீர்கள். இறக்க வேண்டியது வேகத்தை. ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் 'சேஞ்ச் பிட்ச்' நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் இழுக்கும், கரகரப்பு அதனால்தான். 'சேஞ்ச் ஸ்பீட்' (புதிய பதிப்புகளில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்') வேகம், சுருதி இரண்டையும் சேர்த்தே இறக்கும்.

எவ்வளவு என்பதைக் காதை நம்பி முடிவு செய்யாதீர்கள். கிட்டாரை எப்படியும் சுருதி கூட்டியிருக்கலாம். கிளாப்டன் குழுவின் கீபோர்டு கலைஞர் டிக் சிம்ஸின் ஹாமண்ட் ஆர்கன் (மோட்டாரில் ஓடும் மின் ஆர்கன்) அப்படியல்ல. அதன் மோட்டார் அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸோடு பூட்டப்பட்டது, ஏ சுரம் 440-இல்தான் நிற்கும். ஆர்கன் தனியாக நீட்டும் இடத்தை வெட்டி, எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' வரைபடத்தில் சைஸ் 65536 வைத்துப் பாருங்கள். 440 இருக்க வேண்டிய இடத்தில் 466 வந்தால் 440/466 = 0.944, அதாவது வேகத்தில் மைனஸ் 5.6 சதவீதம்.

பாட்டுக்கு நடுவே வரும் கரண்ட் முனகலும் உதவும், அது 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். ஆனால் 50-இல் நிற்கும் கோடு நம் ஊரில் டிஜிட்டல் செய்தபோது ஒட்டியது, அதை விடுங்கள்.

கேசட் பக்கத்தின் தொடக்கம், முடிவு இரண்டிலும் அளக்கவும். கடைசியில் சுருதி இன்னும் ஏறினால், பதிவு செய்தவரின் பேட்டரி இறங்கியிருக்கிறது. பதிவின்போது நாடா மெதுவாக ஓடியதால் இப்போது வேகமாகக் கேட்கிறது. அப்போது ஒரே எண் போதாது, பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகத் திருத்த வேண்டும்.

1975இல் வந்த 'ஈ.சி. வாஸ் ஹியர்' ஆல்பத்தில் 1974 ஜூலை லாங் பீச் பாடல்கள் உண்டு, ஒப்பிட்டுச் சரிபாருங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் ஃபிளாக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலிக்கோப்பு வடிவம்) வைத்திருங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சல் நீக்கம்) மட்டும் வேண்டாம், சிம்பல் ஓசை போய்விடும்.