பப்பாளிப் பால் எடுக்கும் படிப்பு சோறு போடுமா?

அம்மா, மகள் பழத்திலிருந்து என்சைம் (உயிர்களில் வேதிவினையை வேகப்படுத்தும் புரதம், நொதி) எடுக்கும் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள், அதில் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் பயோடெக்னாலஜி என்ற பெயரை மட்டும் நம்பிச் சேர்த்தால் பிறகு வருத்தப்பட நேரிடும்.

பப்பாளியையே பாருங்கள். அதன் பாலில் இருக்கும் என்சைமான பப்பைனை எடுப்பதற்கென்றே கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 5 ரகத்தைக் கொடுத்திருக்கிறது. முற்றிய பச்சைக் காயில், விடிகாலையில், துருப்பிடிக்காத பிளேடால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காமல் கீற வேண்டும். வடிகிற பாலில் இரும்பு படக்கூடாது. 50–55 டிகிரியில் பக்குவமாகக் காய வேண்டும். சூடு ஏறினால் என்சைம் செத்துவிடும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் புண்ணாகும். புரதத்தை அறுப்பதுதானே அதன் தொழில்!

இப்படிக் காய்ந்த பொடி இறைச்சியை மிருதுவாக்கவும் பீர் கலங்காமலிருக்கவும் போகிறது. சுத்திகரித்துவிட்டால் மதிப்பே வேறு. பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ராட்னி போர்ட்டர் 1959-இல் ஆன்டிபாடியை, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை, துண்டாக்கிப் பார்த்தது பப்பைனை வைத்துத்தான். 1972-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அன்னாசித் தண்டின் என்சைம்களில் செய்த தீக்காய மருந்துக்கு ஐரோப்பா 2012-லும் அமெரிக்கா 2022-லும் அனுமதி கொடுத்தன. என்சைம் செடியிலேயே இருக்கிறது. அதைச் சாகடிக்காமல் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சென்ட்ரிஃப்யூஜ் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி), குரோமட்டோகிராபி (கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவி), உறைநிலை உலர்த்தி இருக்கின்றனவா, மாணவர்கள் அவற்றைக் கையால் இயக்குகிறார்களா என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் வேறு கல்லூரி பாருங்கள். என்னைக் கேட்டால், கெமிக்கல் இன்ஜினியரிங்கும் உணவுத் தொழில்நுட்பமும் இதற்குப் பயோடெக்னாலஜிக்குச் சளைத்தவை அல்ல. மருந்து, உணவு ஆலைகளில் உற்பத்தி, தரக்கட்டுப்பாடு என்று கதவு அகலமாகத் திறக்கும். ஆரம்பச் சம்பளத்தை ஐ.டி. வேலையோடு ஒப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

பிளஸ் டூவில் மகள் கணிதம் எடுத்திருக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் ஜே.இ.இ. மெயின் எழுதட்டும், தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான நிஃப்டெம்மின் பி.டெக். சேர்க்கைக்கு அதுதான் வழி. இல்லையென்றால் பி.எஸ்சி. உயிர்வேதியியலில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஜிஏடி-பி என்ற பயோடெக்னாலஜி முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி, மத்திய அரசின் உதவித்தொகையோடு எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படிக்கலாம்.