பட்டறைப் பக்கம்: ஜாக்கியை எங்கே மாட்டுவது?

கேள்வி: என்னிடம் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டி இருக்கிறது. 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கியை (துளைகள் உள்ள நீண்ட இரும்புத் தண்டில் படிப்படியாக ஏறி வண்டியைத் தூக்கும் வகை) பின்சீட்டுக்குப் பின்னால் கிடத்தி வைத்திருக்கிறேன். கரடுமுரடான பாதையில் அது உருண்டு உயிரை வாங்குகிறது. பின்கதவில் ஸ்டெப்னி மாட்டும் சட்டத்தில் இரண்டு ஆங்கிள் (L வடிவ இரும்பு) துண்டுகளை வெல்டிங் செய்து, பட்டாம்பூச்சி நட் போட்டு மாட்டிவிடலாமா? பானெட் மேல் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்கிறான் நண்பன்.

பதில்: எடுப்பாகத்தான் இருக்கும். வண்டி எதிலாவது மோதும் நாளில் அந்த 13 கிலோ இரும்பு கழன்று பறக்கும். அப்போது நண்பர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். பானெட் விளிம்பில் இருப்பது மெல்லிய தகடு, எடையைத் தாங்குவதற்காகச் செய்ததும் அல்ல. அந்த யோசனையை விட்டுவிடுங்கள். உருளும் ஜாக்கியை உள்ளே கட்டாமல் வைத்திருப்பதும் அதே ஆபத்துதான். ஜாக்கியை மாட்டும் தாங்கி தயாராகும்வரை ராட்செட் பட்டையால் (நெம்பி இறுக்கும் சுமைப் பட்டை) தரைக் கொக்கிகளோடு இறுக்கிக் கட்டி வையுங்கள்.

பின்கதவும் வேண்டாம். அதன் கீல்கள் ஏற்கெனவே ஒரு முழுச் சக்கரத்தைச் சுமக்கின்றன. அதற்கும் வெளியே தள்ளி இன்னொரு சுமையைத் தொங்கவிட்டால், ஒவ்வொரு குழியிலும் கீலுக்குத்தான் அடி. 13 கிலோதானே என்று கேட்பீர்கள். நிற்கிற வண்டியில்தான் அது 13 கிலோ. பள்ளத்தில் விழுந்து எழும்போது ஐந்து மடங்கு அதிர்வு என்று வைத்துக்கொண்டாலே 65 கிலோ ஆகிறது. அதுவும் மேலும் கீழும் மாறி மாறி. தாங்கி ஒரே நாளில் முறியாது. வெல்டிங் ஓரத்தில் பெயின்டுக்குள் மயிரிழை போலத் துருக்கோடு ஒன்று தோன்றும், அது மெல்ல நீளும், பிறகு ஒருநாள் தாங்கியே கழன்று விழும்.

என் தேர்வு, சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைந்த இரும்புப் பின்பம்பர். பிளாஸ்டிக் பம்பர் என்றால் இந்தப் பேச்சே இல்லை. ஜாக்கி கதவுக்குக் கீழே படுக்கை வாட்டத்தில் இருக்கட்டும். கதவை முழுவதும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். பின்விளக்குகளும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது.

ஆங்கிள் துண்டை விட 6 மி.மீ. கனம், 50 மி.மீ. அகலம் உள்ள பட்டை இரும்பு நல்லது. தாங்கிக்கு ஒன்றாக இரண்டு குட்டையான நிமிர்ந்த துண்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் அதே கனத்தில் ஒரு தகடு, மூலையில் ஒரு முக்கோணத் தகடு. அந்த முக்கோணத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்; அதிர்வை வாங்குவதே அதுதான். அடித்தகட்டைப் பம்பரில் வெல்டிங் செய்யாமல் போல்ட் போட்டுப் பொருத்தினால், பின்னாளில் கழற்றி மாற்றலாம். இரண்டு தாங்கிகளுக்கும் இடையே ஜாக்கித் தண்டு அனுமதிக்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள், 80 செ.மீ. கிடைத்தால் நிம்மதி.

தண்டில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் நுழையும் அளவுக்கு, தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட்டை வாங்குங்கள். அதைத் தாங்கியில் வெல்டிங் செய்துவிடாதீர்கள். அந்த போல்ட்டின் வலிமை வெப்பப் பதத்தால் வந்தது. வெல்டிங் சூடு அதைக் கெடுத்துவிடும். பின்னாலிருந்து போல்ட்டை நுழைத்து, முன்புறம் ஒரு நட்டால் தாங்கியோடு இறுக்குங்கள். பிறகு ரப்பர் வாஷர், ஜாக்கி, மீண்டும் ரப்பர் வாஷர், பெரிய இரும்பு வாஷர், கடைசியில் கைப்பிடி நட். ஒரு தாங்கியில் வட்டத் துளை போதும். மற்றதில் நீள்துளை போடுங்கள். அளவு கொஞ்சம் பிசகினாலும் தண்டு பொருந்தும்.

பட்டாம்பூச்சி நட் அதிர்வில் தானாகச் சுழன்று கழன்றுவிடும். கையுறையோடு பிடித்து முறுக்கக்கூடிய பெரிய குமிழ் நட் போட்டு, போல்ட் நுனியில் துளையிட்டு ஒரு கிளிப்பைச் செருகுங்கள். திருட்டுப் பயம் இருந்தால் கிளிப்புக்குப் பதில் சிறு பூட்டு. ஸ்பேனர் இல்லாமல் கழற்ற முடிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். வண்டி ஒருபக்கம் சாய்ந்து சேற்றில் புதைந்திருக்கும்போதுதான் ஜாக்கி தேவைப்படும். கருவிப்பெட்டி அப்போது சாமான்களுக்கு அடியில் கிடக்கும்.

பம்பர் வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் செய்ய நேர்ந்தால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றுங்கள்; எரிபொருள் தொட்டியின் பக்கம் நெருங்காதீர்கள். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு என்றால் பூச்சைத் தேய்த்து நீக்கிய பிறகே வெல்டிங். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. துளையிட்ட இடங்களில் உடனே பிரைமர் அடியுங்கள்.

மாட்டியபின் ஜாக்கியின் கைப்பிடியைத் தண்டோடு சேர்த்து இறுக்காவிட்டால், வழியெல்லாம் கடகடவென்று சத்தம்தான். மேலே ஏறும் கனமான பகுதியை இரு தாங்கிகளுக்கு நடுவே ஒரு தாங்கியை ஒட்டி நிறுத்துங்கள். முதல் கரடுமுரடான ஓட்டம் முடிந்ததும் வாஷரைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே இரும்பும் இரும்பும் உரசுகின்றன. துளை நீள்வட்டமாக விரிவதற்கு முன் இறுக்கிவிடுங்கள்.

கேள்வி: இப்படி வெளியே மாட்டிய ஜாக்கிக்கு உறை போட வேண்டுமா? கிரீஸ் பூசினால் போதாதா?

பதில்: கிரீஸ் பூசினால் கெட்டது. பின்பம்பரில் சக்கரங்கள் கிளப்பும் தூசி முழுவதும் அதில் ஒட்டி, ஏறும் ஊசிகள் (தண்டின் துளைகளில் மாறி மாறி நுழைந்து ஜாக்கியை ஏற்றுபவை) நடுவழியில் சிக்கிக்கொள்ளும். ஊசிகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் இருக்கும் பகுதிக்கு மட்டும் உறை போடுங்கள், தண்டு முழுவதற்கும் வேண்டாம். உறையின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கட்டும். சேற்றில் போய் வந்தால் கழுவி, காயவைத்து, மெல்லிய எண்ணெயை ஊசிகளில் மட்டும் விட்டு, கைப்பிடியை ஆட்டி ஊசிகள் இரண்டும் உள்ளே போய் வெளியே வருகின்றனவா என்று பாருங்கள்.