மாடிப்படி: கடைசிப் படியில் மட்டும் கால் தடுக்குவது ஏன்?

கேள்வி: ரைசர், ட்ரெட், நோசிங், வெயிஸ்ட் ஸ்லாப் என்று மேஸ்திரி அடுக்கும்போது தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். எது எது என்று சொல்லுங்களேன்.

பதில்: நிற்கும் பாகம் ரைசர், படுத்திருக்கும் பாகம் ட்ரெட். ஏறும்போது கால்விரலுக்கு எதிரே தெரிவது ரைசர். பாதம் பதிவது ட்ரெட். ட்ரெட்டின் முன்விளிம்பு ரைசரைத் தாண்டி முக்கால் முதல் 1 அங்குலம் வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்குதான் நோசிங். கான்கிரீட் படிக்கு அடியில் சாய்வாகப் போகும் பலகம் வெயிஸ்ட் ஸ்லாப். சுமையைத் தாங்குவது அதுதான். மேலே தெரியும் முக்கோணங்கள் அல்ல. அதன் கனத்தைச் சாய்வுக்குக் குறுக்காக அளக்க வேண்டும். டேப்பைத் தரைக்கு நேராகத் தொங்கவிட்டு அளந்தால் 5 அங்குலப் பலகமும் 6-ஐ ஒட்டிக் காட்டும்.

'படி அகலம்' என்ற சொல்லில் மட்டும் உஷாராக இருங்கள். சிலர் ட்ரெட்டைச் சொல்வார்கள், சிலர் சுவரிலிருந்து கைப்பிடி வரையுள்ள அளவைச் சொல்வார்கள். ட்ரெட் என்றால் ஒரு மூக்கிலிருந்து அடுத்த மூக்கு வரை. மேல்படியின் மூக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்த 1 அங்குலம் கணக்கில் சேராது.

கேள்வி: எல்லாப் படியும் 6 அங்குலம் என்றுதான் கான்கிரீட் போட்டார்கள். டைல்ஸ், கிரானைட் எல்லாம் ஒட்டிய பிறகு முதல் படி தாழ்வாகவும் கடைசிப் படி உயரமாகவும் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் மேலே போய்த் தடுக்குகிறார்கள்.

பதில்: கான்கிரீட்டில் தவறில்லை, மேல்பூச்சின் கனத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கீழ்த்தளம், மேல்தளம் இரண்டின் தரையிலும் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 அங்குலம் ஏறியிருக்கும். படியின் மேல் கலவையும் கிரானைட்டும் ஒன்றரை அங்குலம்தான். இப்போது போட்டுப் பாருங்கள். முதல் படி: 6 + 1½ − 3 = 4½. கடைசிப் படி: 6 − 1½ + 3 = 7½. நடுவில் உள்ளவை மட்டும் 6 அங்குலமாகவே நிற்கும்.

இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்ளும். பிறகு கண் பார்ப்பதில்லை. அதனால்தான் கடைசிப் படி 7½ ஆனதும் கட்டைவிரல் போய் இடிக்கிறது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, ஒரே வரிசைப் படிகளுக்குள் உயர வேறுபாடு 3/8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் வீட்டில் நடுப்படிக்கும் கடைசிப் படிக்குமே ஒன்றரை அங்குலம்!

சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கான அச்சுப் பலகை) அடிக்கும்போதே முதல் ரைசரை 7½, கடைசி ரைசரை 4½ என்று வைத்திருந்தால் பூச்சு முடிந்ததும் எல்லாம் 6 ஆகியிருக்கும். கான்கிரீட் போட்டாயிற்று, பூச்சு இன்னும் போடவில்லை என்பவர்களுக்கும் வழி உண்டு: படிகளிலும் லேண்டிங்கிலும் (படி வரிசைகளுக்கு நடுவே வரும் சமதளம்) பூச்சின் மொத்தக் கனத்தைத் தரையைப் போலவே 3 அங்குலமாக்கிவிட்டால் வித்தியாசம் மறைந்துவிடும். ஆனால் கூடுதல் ஒன்றரை அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 90 கிலோ. பொறியாளரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள். கிரானைட் ஒட்டிவிட்ட உங்களுக்கோ, அதைப் பெயர்த்தால்தான் வழி.

கேள்வி: தளத்துக்குத் தளம் 10 அடி. எத்தனை படி வரும்?

பதில்: பூச்சு முடிந்த தரையிலிருந்து பூச்சு முடிந்த தரை வரை 10 அடியா என்று முதலில் உறுதி செய்யுங்கள். 18 ரைசர் வைக்கலாம்: 120 அங்குலத்தை 18-ஆல் வகுத்தால் ரைசர் 6.67 அங்குலம். இரண்டு ரைசரும் ஒரு ட்ரெட்டும் கூட்டினால் 24 முதல் 25 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோண்டெல் நடையின் அளவைக் கொண்டு சொன்ன கணக்கிலிருந்து வந்தது இது. அதன்படி ட்ரெட் 11 அங்குலம்.

நடுவில் லேண்டிங் வைத்து 9, 9 என்று பிரித்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ட்ரெட் 8 தான், 9 அல்ல. ஒன்பதாவதாகக் கால் வைப்பது லேண்டிங்கில். ஆகவே நீளம் 88 அங்குலம், அதாவது 7 அடி 4 அங்குலம். தலை இடிக்காமலிருக்கப் படிக்கு மேலே 7 அடியாவது வேண்டும். அதை மூக்கிலிருந்து நேர்மேலாக அளந்து பாருங்கள்.

கேள்வி: படி ஏறிப் போய் லேண்டிங்கைத் தொடும் இடத்தில், அடிப்பக்கம் குறுக்கே விரிசல் ஓடுகிறது. பூச்சு வெடிப்பா?

பதில்: தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்டால் பூச்சு விலகியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் கம்பி கட்டுவதில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை உண்டு. சாய்வின் அடிக்கம்பியை அப்படியே உட்புற மூலையில் வளைத்து லேண்டிங்கின் அடியில் கொண்டுபோய்விடுவார்கள். சுமை ஏறினால் கம்பி இழுபடும்; இழுபடும் கம்பி நேராகத்தான் பார்க்கும். நேராகும் வேகத்தில் தன் கீழேயுள்ள கவரை, அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டை, தள்ளிப் பிளக்கும். சாய்வின் அடிக்கம்பி நேரே ஏறி லேண்டிங்கின் மேல்பகுதிக்கும், லேண்டிங்கின் அடிக்கம்பி சாய்வின் மேல்பகுதிக்கும் போய், இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கிட வேண்டும். லேண்டிங்கிலிருந்து அடுத்த வரிசை கிளம்பும் இடத்தில் உட்புற மூலை மேல்பக்கம் இருப்பதால் அடிக்கம்பியை வளைக்கலாம். பூச்சை ஓரிடத்தில் கொத்திப் பாருங்கள். விரிசல் கான்கிரீட்டுக்குள் போனாலோ துருக்கறை தெரிந்தாலோ, அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். சிமெண்டு பூசி மறைக்க வேண்டாம்.

கேள்வி: மரப்படி கீச்சிடுகிறது.

பதில்: மரம் காய்ந்து சுருங்கியதும் ட்ரெட்டும் ரைசரும் ஒன்றையொன்று உரசும், பக்கப் பலகையில் அடித்த ஆப்பும் தளரும். கீழிருந்து வேலை செய்ய இடம் இருந்தால், ஆப்பைக் கழற்றிப் பசை தடவி மறுபடி அடியுங்கள். ட்ரெட், ரைசர் மூலையில் சிறு மரக்கட்டை வைத்துப் பசையும் ஸ்க்ரூவும் போடுங்கள். இடுக்கில் முகப்பவுடர் தூவினால் சில வாரம் சத்தம் அடங்கும், அவ்வளவுதான்.

கேள்வி: கைப்பிடி உயரம்?

பதில்: மூக்கிலிருந்து நேர்மேலாக 36 அங்குலம். கம்பிகளுக்கிடையே 4 அங்குலத்துக்கும் குறைவான இடைவெளி; இல்லாவிட்டால் குழந்தை நுழைந்துவிடும். படுக்கைக் கம்பி பார்க்க அழகுதான், ஆனால் குழந்தைக்கு அது ஏணி. நெட்டுக் கம்பியே வையுங்கள்.