கத்திக்குப் பிடி போடுகிறவர்களின் கேள்விகள்

பன்னிரண்டு வருடமாகப் பின்னேரங்களில் கத்தி செய்து வருகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இந்த வேலையில் இறங்கியிருக்கும் தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேள்வி அனுப்புவார்கள். இந்தத் தடவை வந்தவற்றில் பாதிக்கு மேல் பிடியைப் பற்றியவை. அது எனக்குச் சந்தோஷம். அலகில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடப் பலர் பிடியில் காட்டுவதில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அண்ணன், முதிரைப் பிடி போட்டேன். மார்கழியில் இரும்போடு ஒட்டி அழகாக இருந்தது. ஆடியில் பார்த்தால் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் நகம் போகிற அளவு இடைவெளி. பசை பிழையா?

பசையில் பிழை இல்லை தம்பி, மரம் காயவில்லை. மாரியில் மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசத் தொடங்கினால் அந்த ஈரத்தை விட்டுச் சுருங்கும். அந்தச் சுருக்கம் நீளவாட்டில் மிகக் குறைவு, குறுக்குவாட்டில்தான் அதிகம். இரும்பு அசையாமல் இருக்க மரம் மட்டும் சுருங்கினால் ஓரம் எழும்பத்தானே செய்யும்?

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு மரக்காலையில் “நல்லாக் காய்ந்தது” என்று சொல்லித் தந்த முதிரையை நம்பி மூன்று கத்திக்குப் பிடி போட்டேன். வைகாசியில் மூன்றும் வெடித்தன. அதிலிருந்து யாருடைய வாய்ச்சொல்லையும் எடுப்பதில்லை, தராசைத்தான் நம்புகிறேன். மரத்தை அரை அங்குலத் துண்டுகளாக அறுத்து, இரண்டு நுனிக்கும் மெழுகு பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். மெழுகு பூசாவிட்டால் நுனி முந்திக் காய்ந்து பிளக்கும். கிழமைக்கு ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்து, பென்சிலால் துண்டிலேயே கிராமை எழுதுங்கள். மூன்று கிழமை தொடர்ந்து நிறை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. இயன்றால் கச்சான் காலத்திலேயே ஒட்டி முடியுங்கள்.

ஒட்டும்போது இரும்பையும் மரத்தின் உள்முகத்தையும் 80ஆம் நம்பர் எமரித்தாளால் சுரண்டி, அசிற்றோனால் துடைத்து, அரல்டைட் பூசுங்கள். அவசரத்துக்கு வரும் ஐந்து நிமிடப் பசை வேண்டாம். கிளாம்பை முறுக்கித் தள்ளவும் வேண்டாம், பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். குறைந்தது இரண்டு பித்தளை ஆணி அடித்தால்தான் எனக்கு நிம்மதி.

காரைதீவிலிருந்து: பனை மரத்தில் பிடி போடலாமா?

தாராளமாக. நம் மண்ணில் கிடைக்கும் பிடிமரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முற்றிய மரத்தின் வெளிப்பக்க வைரத்தை மட்டும் எடுங்கள். உள்ளே சோற்றி, அது பிடிக்கு உதவாது. வைரத்தை நேராக அறுத்தால் கறுப்புக் கோடுகள் மழை இறங்குவது போல நீளமாக ஓடும். சற்றுச் சாய்த்து அறுத்தால் கோடுகள் உடைந்து, நெல் சிந்தியது போலப் புள்ளி புள்ளியாகும். நான் எப்போதும் சாய்த்துத்தான் அறுப்பேன்.

சிரமம் என்னவென்றால், கறுப்பு நார் கல்லு மாதிரி, அதைச் சுற்றியுள்ள சதை மெத்து. வெறும் கையால் எமரித்தாள் போட்டால் சதை தேய்ந்து நார் துருத்தும், விரலில் சிலாம்பு ஏறும். தண்ணீர் போன்ற மெல்லிய சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்க விட்டு, காய்ந்த பிறகு, தட்டையான பலகைத் துண்டில் எமரித்தாளைச் சுற்றித் தேயுங்கள். நுனிப்பக்கம் மூன்று நான்கு தடவை குடிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள், அதன் புகை கண்ணை எரிக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து: ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு மாட்டுக்கொம்பு நிறையக் கிடைக்கிறது. பிடிக்கு ஆகுமா?

ஆகும். நுனிப்பக்கம் கெட்டியாக இருக்கும், அடிப்பக்கம் உள்ளே கூடு. கொதிநீரில் போட்டால் உள்ளிருக்கும் எலும்பு கழன்று வரும். பிறகு சில மாதம் காயட்டும். கொம்பும் மரம் போலவே ஊதிச் சுருங்கும். அதைத் தேய்க்கும் தூள் நெஞ்சுக்குக் கூடாது, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். மான் கொம்பு, ஆமை ஓடு, தந்தம் பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். அவற்றின் பக்கமே போக வேண்டாம். வனவிலங்குகளைக் காக்க 1937இலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது.

வாழைச்சேனையிலிருந்து: லொறி ஸ்பிரிங்கில் அடித்த கத்தி, மீன் முள்ளில் பட்டதும் வாய் மடங்குகிறது. தோய்ச்சல் (காய்ச்சிய இரும்பை எண்ணெயில் முக்கி இறுக்குவது) சரியில்லையா?

சரியில்லை. லொறி ஸ்பிரிங் அநேகமாக 5160 என்ற ரகம் அல்லது அதற்குக் கிட்டிய உருக்கு. உலையில் காய்ச்சும்போது காந்தத்தை அடிக்கடி வைத்துப் பாருங்கள். 770 செல்சியஸ் பாகை அளவில் காந்தம் ஒட்டாமல் போகும். பலர் அதே நொடியில் தோய்த்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றி, 830 பாகை அளவில் தோயுங்கள். பகல் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், பொழுது சாய்ந்த பிறகு செய்யுங்கள். தண்ணீரில் போட்டால் வெடிக்கும். 50, 60 பாகைக்குச் சூடாக்கிய தேங்காயெண்ணெய் போதும். மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் எடுங்கள், தீப்பிடித்தால் மூடியைப் போட்டால் அணைந்துவிடும்.

ஆறியதும் வாயில் அரத்தை இழுங்கள். கண்ணாடியில் இழுத்தது போலக் கிறீச்சென்று வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. கடித்தால் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு கேக் சுடும் ஓவனில் 200 பாகையில் இரண்டு மணித்தியாலம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணித்தியாலம். இதை விட்டால் வாய் உதிரும். கிரைண்டரில் பிடிக்கும்போது வாய் நீலமாகிவிட்டால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தடவை தண்ணீரில் நனையுங்கள்.

ஏறாவூரிலிருந்து: பிடிக்குத் தேங்காயெண்ணெய் பூசினேன், பிசுபிசுக்கிறது.

தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகாது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிய வேண்டாம், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். உப்புக் காற்றுக்கு அலகில் பூசத் தேங்காயெண்ணெய் நல்லது.

கல்லடியிலிருந்து: அண்ணன், அம்மாவுக்கு மீன் கத்தி செய்கிறேன். பிடியில் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் செதுக்க ஆசை. எந்த இடத்தில் செதுக்குவது?

நல்ல ஆசை தங்கச்சி. ஆனால் உள்ளங்கை படும் இடத்தில் வேண்டாம். செதுக்கின பள்ளத்தில் செதிலும் இரத்தமும் புகுந்து நாறும், மரமும் ஊறும். கண்டியின் பழைய பிஹா கேத்த கத்திகளில் பிடி முழுக்கச் செதுக்கியிருக்கும், வெள்ளியும் பித்தளையும் பதித்திருக்கும். அவை தலைமைக்காரர் அந்தஸ்துக்கு வைத்திருந்தவை. அம்மாவினுடையது நாளும் ஈரமாகும் கத்தி.

பிடியின் பின்முனையில், சுண்டு விரலுக்குப் பின்னால் ஒரு அங்குலம் விட்டு வையுங்கள். மீனை அங்கே ஆழமில்லாமல் செதுக்கி, கண்ணுக்கு மட்டும் ஒரு சின்னப் பித்தளை ஆணி அடியுங்கள். அதற்கு முன், களிமண்ணில் ஒரு பிடி உருட்டி அம்மாவின் ஈரக் கையில் கொடுத்து, மீன் வெட்டுவது போல அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல்கள் பதிந்த அந்த அச்சுத்தான் உங்கள் அளவு.