மால்டா கடற்கரை: கேள்வி பதில்

(மால்டாவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் வந்த கேள்விகளுக்கு இங்கேயே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.)

கேள்வி (கோவை): நாலு நாள் பயணம். ப்ளூ க்ரோட்டோ குகைகளுக்குப் படகுச் சவாரியை இப்போதே பதிவு செய்துவிடலாமா?

வேண்டாம், காற்றைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். முதல் முறை நான் முன்பணம் கட்டிவிட்டுப் போனேன். துறையில் படகுகளையெல்லாம் சரிவில் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். அன்றைக்குத் தெற்குக் காற்று. குகைகள் தெற்குக் கரையில் இருப்பதால், அந்தப் பக்கமிருந்து அலை எழும்பினால் சவாரி கிடையாது.

நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று சொல்வதைப் போல அங்கேயும் ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் பெயர் உண்டு. வடமேற்கிலிருந்து வருவது மஜ்ஜிஸ்திரால், அதுதான் அடிக்கடி வீசும். தென்கிழக்குக் காற்று ஷ்லோக். மஜ்ஜிஸ்திரால் வீசினால் தெற்கே போங்கள், தெற்குக் காற்றானால் வடக்கே போங்கள். மால்டா தீவு மொத்தமே 27 கிலோமீட்டர் நீளம்தான், திட்டத்தை மாற்றுவது பெரிய வேலையில்லை.

போவதானால் காலையில் போங்கள். வெயில் தண்ணீருக்குள் இறங்கி அடிமணலில் பட்டுத் திரும்பி, குகைச் சுவரில் நீலமாக ஆடும். மதியத்துக்கு மேல் அது மங்கிவிடும். சவாரி அரை மணி நேரம்கூட இல்லை. படகு ஓடாவிட்டாலும் மேலே சாலையோரம் நின்று பெரிய பாறை வளைவைக் காசில்லாமல் பார்க்கலாம்.

கேள்வி (சிங்கப்பூர்): கடலுக்குள் நிற்கும் கல் ஜன்னல் படத்தைப் பார்த்துத்தான் மால்டா ஆசையே வந்தது. அது எந்த இடம், அண்ணா?

தம்பி, அது இப்போது இல்லை. அஸூர் விண்டோ என்ற அந்த வளைவு 2017 மார்ச் 8 அன்று காலை, புயலில் மொத்தமாக இடிந்து கடலுக்குள் போய்விட்டது. பழைய படத்தைப் போட்டுச் சுற்றுலா விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

ஆனால் அது இருந்த த்வெய்ரா, மால்டாவுக்குப் பக்கத்திலிருக்கும் கோசோ தீவின் மேற்குக் கரை, கட்டாயம் போக வேண்டிய இடம். பாறைகள் சூழ்ந்த குளம் போல ஒரு உள்கடல் அங்கே இருக்கிறது. சின்னப் படகில் ஏறினால் மலையைக் குடைந்தது போன்ற ஓர் இயற்கைச் சுரங்கத்துக்குள் நுழைவார்கள். படகுக்காரர் மோட்டாரைக் குறைத்ததும் பேச்சுக்குரலெல்லாம் சுவரில் மோதித் திரும்பும். கொஞ்ச நேரம் இருட்டு, அப்புறம் சட்டென்று செங்குத்துப் பாறைகளும் திறந்த கடலும். எனக்கு அந்த ஜன்னலைவிட இதுதான் பிடிக்கும். மஜ்ஜிஸ்திரால் பலமாக இருந்தால் இதுவும் கிடையாது.

கேள்வி (மதுரை): கொமினோவின் ப்ளூ லகூன், சின்னக் குழந்தைகளுடன் சரிவருமா?

கொமினோ, மால்டாவுக்கும் கோசோவுக்கும் நடுவிலிருக்கும் குட்டித் தீவு; ப்ளூ லகூன் அங்கே குளிக்கப் போகும் இடம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் வேண்டாம். நிழலே கிடையாது, கூட்டமோ தாங்காது. அதனால்தான் 2025 முதல் முன்பதிவு முறை கொண்டுவந்தார்கள். மே அல்லது அக்டோபரில் போங்கள். அக்டோபரில் கடல் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

கேள்வி (சென்னை): நாங்கள் சைவம். கடற்கரை ஊர்களில் பட்டினி கிடக்க வேண்டுமா?

பஸ்டிட்ஸி இருக்கும்போது என்ன கவலை? நம் பஃப்ஸுக்குச் சொந்தக்காரன். ரிக்கோட்டா சீஸ் வைத்தது ஒன்று, பட்டாணி மசியல் வைத்தது இன்னொன்று. பன்றிக்கொழுப்பு சேர்த்து மாவு பிசைவதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): படகுகளில் கண் வரைந்திருக்கிறார்களே, ஏன்?

கண் திருஷ்டிக்கும் கடல் ஆபத்துக்கும் காவலாக. லுட்சு என்னும் அந்தப் படகுகளின் முகப்பில், இரண்டு பக்கமும் அந்தக் கண் இருக்கும். பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீசியர் காலத்து வழக்கம் என்பார்கள். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக வண்ணம் வேறு. நிறையப் பார்க்க மார்சஷ்லோக் என்ற மீனவ ஊருக்குப் போங்கள். 'மார்சா' என்றால் துறைமுகம், 'ஷ்லோக்' யார் என்று மேலே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே மீன் சந்தை.

கேள்வி (பெங்களூரு): கார் எடுக்கலாமா?

1964 வரை பிரிட்டிஷ் ஆட்சி, அதனால் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். மால்டாவில் நெரிசல், பார்க்கிங் தலைவலி, பஸ்ஸே போதும். கோசோவில் மட்டும் எடுங்கள். மால்டாவின் வடக்கு முனையிலிருக்கும் சிர்கேவா துறையிலிருந்து கோசோவுக்கு ஃபெர்ரி சுமார் 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் கட்டணம். அதனால் கவுன்ட்டரைத் தேடி அலையாதீர்கள்.

கார் இருந்தால் கோசோவின் வடக்கே ஷ்வேய்னி உப்பளத்துக்கு ஒரு நடை போய்விடுங்கள். நம் தூத்துக்குடிப் பாத்திகள் மண்ணில், இவை கடலோரப் பாறையிலேயே சதுரம் சதுரமாகச் செதுக்கியவை. கோடையில் உப்பு வாருவதைப் பார்க்கலாம், சாலையோரத்தில் பொட்டலமாகவும் வாங்கலாம். செருப்புக் காலோடு பாத்திக்குள் மட்டும் இறங்காதீர்கள், அது அவர்கள் விற்கிற உப்பு.